எட்டாம் எண் பலகை

மேசை, மேசையாக வரவில்லை.
பதினோரு பலகை, ஒரு பொட்டலம் திருகாணி,
ஓர் எழுத்துகூட இல்லாத படத்தாள்.
அதுவரை என் லேப்டாப்
தெர்மாகோல் பெட்டிமேல் இருந்தது,
போன வருஷம் நகரை மீன் இருந்த பெட்டி.
திருப்பூர்க் கம்பெனியின் கணக்குக் கூட்டத்தில்
முகம் தெரியும், வாசம் போகாது.
அந்த மட்டும் நிம்மதி.

தடைக்காலம். தஸ்நேவிஸ் வீட்டில் இருந்தார்.
நடுக்கடலில், டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறவர்.
"இதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

இரண்டு இரவு.
முதல் இரவில் இழுப்பறை தலைகீழாக ஏறியது.
இரண்டாம் இரவில் டிரில்லிங் மிஷின் சத்தம்.
துளை போட்டே வருகிற பலகைக்கு
இன்னொரு துளை எதற்கென்று
எழுந்துபோய்க் கேட்கவில்லை நான்.
காலையில் நின்றது,
கச்சான் காற்றில் கட்டிப்போட்ட வத்தை மாதிரி.
பேனாவை வைத்தேன்.
உருண்டு அடுப்படிவரை போனது.

சீனி இபுராகிம் பனைக்குளத்திலிருந்து வந்தார்.
அறுநூற்றைம்பது, பெட்ரோல் தனி.
பாம்பன் பாலத்தில் காற்று
வண்டியைத் தள்ளித் தள்ளி விட்டதாம்.
"அதுக்குக் காசு கேக்கல" என்று சிரித்தார்.
தாளைப் பார்க்கவில்லை.
மேசையை ஒருமுறை சுற்றி வந்தார், குனிந்தார்,
எட்டாம் எண் பலகையின் துளைக்குள்
கட்டைவிரலை விட்டார். போனது.
"படகுக்குப் போடுற பிட்டு. யாரு போட்டது?"

வாசலில் டீசல் நாசிலைத் துடைத்துக்கொண்டிருந்த துணி
நின்றது.

"டெலிவரிக்காரப் பையன்" என்றேன்.

சீனி வாசலைப் பார்த்தார்.
பலகையைப் பார்த்தார்.
"இந்தக் காலத்துப் பசங்க" என்றார், அவ்வளவுதான்.
கேட்காமல் விட்டதற்கும் ஒரு கூலி உண்டென்றால்
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்திருப்பேன்.

எல்லாவற்றையும் பிரித்தார்.
திருகாணிகளில் அதற்குள் துரு.
தங்கச்சிமடத்துக்கு வந்து
பத்து நாள்கூட ஆகவில்லை.
"மெழுகுவத்தி இருக்கா?"
இருந்தது, பாதி எரிந்தது.
கையில் வாங்கி நிதானித்தார்.
"சாமிக்குள்ளதா?"
"அந்தோணியார் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."
ஒவ்வொன்றாக மெழுகில் தேய்த்துத் தேய்த்து
வரிசையாகத் தாள்மேல் வைத்தார்.
அந்தத் தாள் உதவியது அதற்கு மட்டும்தான்.
"மரத்துலயும் வழுக்கி இறங்கும்.
உப்பும் சட்டுனு ஒட்டாது."

தண்ணீர் குடிக்க வந்தவர்போல உள்ளே வந்தார் தஸ்நேவிஸ்.
குடித்தார். போகவில்லை.
கொஞ்ச நேரத்தில்
கேட்குமுன்பே சாவியை எடுத்து நீட்டினார்.
கடைசிக் காலுக்கு சீனி நகர்ந்து இடம் விட்டார்.
"நீங்க இறுக்குங்கண்ணே.
ரொம்ப வேணாம். இன்ஜின் இல்ல,
அமுக்கின மரத்தூளு."
அவ்வளவு மெதுவாக அந்தக் கை எதையும் திருகி
நான் பார்த்ததில்லை.

மூன்று திருகாணி மிச்சம்.
எனக்குப் பகீர் என்றது.
"கம்பெனிக்காரன் பயந்து கூடப் போட்டதுக்கா, வச்சுக்கங்க."
ஒரு மணி பத்து நிமிஷம்.
காசை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்து
வண்டியை மிதித்தார்.

சாயங்காலம் உட்கார்ந்தேன்.
பேனா உருளவில்லை. முழங்கால் இடிக்கவில்லை.
சார்ஜர் வயர்தான் எட்டவில்லை,
சுற்றி வந்தால் ஒரு சாண் குறைந்தது.
குனிந்து பார்த்தேன்.
எட்டாம் எண் பலகை, கட்டைவிரல் துளை.
நுழைத்தேன். அளவெடுத்தது மாதிரி
இந்தப் பக்கம் வந்தது பின்.

டம்ளரோடு பின்னால் நின்றவர் சொன்னார்:
"அதுக்குத்தான போட்டேன்."

ஒரு மாசமாயிற்று.
படகு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.
வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம்
இன்னும் அதையே சொல்கிறார்,
துளையைக் குனிந்து காட்டிக் காட்டி.
நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.
டெலிவரிக்காரப் பையன்தான் பாவம்.