இரண்டாம் ஷிப்டு முடியும் நேரம்

கொக்கிரகுளத்தில் நாலாவது ஒத்திகை.
பதினாலாம் ஸ்லைடு: வற்றாத ஆறு.
படத்தில் தாமிரபரணி
தைப்பூச மண்டபத்தின் கழுத்தைப் பிடித்து நிற்கிறது.
"இது எந்த மாசத்துல எடுத்தது, மேடம்?"
என் காதுக்கு மட்டும் கேட்டார்
பொதுப்பணித்துறை மாசானமுத்து.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
அதே மண்டபத்துப் பக்கம்
கணுக்கால் தண்ணீரில் ஒருவன்
பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

எனக்கான உத்தரவில் மூன்றே வேலை:
நாற்காலி, பெயர்ப்பலகை, அல்வா.
நாற்காலி இருநூற்று நாற்பது,
வெள்ளை உறைக்குத் தனியாக ஆறு ரூபாய்.
அல்வா டப்பாக்களுக்கு எட்டத்தில் ஒரு மேசை,
ஒப்பந்தத் தாளில் நெய் பட்டுவிடக் கூடாதாம்.

தாளில் முதலீட்டுத் தொகை அச்சாகிவிட்டது.
வேலைவாய்ப்பு என்கிற கட்டம் காலி.
"உத்தேசமா ஒண்ணு போடுங்க"
என்றார் மேலாளர் பிரமநாயகம்.
எத்தனை சார்?
"தொகைக்குப் பொருத்தமா."
நாலாயிரத்து இருநூறு பேரைத்
தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
அதில் யார் சேரன்மகாதேவி, யார் களக்காடு,
யாருக்குக் கைப்பிள்ளை என்று
எந்த விசையும் கேட்கவில்லை.

வந்தார்கள். நாகஸ்வரம், சந்தனம், ரோஜா.
மறுநாள் இடம் பார்க்க
மூன்றடைப்புக்குத் தெற்கே,
உடைமரம் வெட்டித் துப்புரவாக்கிய காட்டில் பந்தல்.
ஆனி மாசக் காற்று சும்மா இருக்குமா?
வருக வருக என்ற பேனரில்
ஒரு வருகவைக் கிழித்துக்கொண்டு
பனங்காட்டுக்குள் போய்விட்டது.
மிச்ச வருகவை இரண்டு காவலர்கள்
நுனி பிடித்து நின்றார்கள்.

துறைமுகம் எத்தனை கிலோமீட்டர்,
விமான நிலையம் எத்தனை நிமிஷம்,
மின்சாரம் யூனிட் என்ன விலை
எல்லாவற்றுக்கும் பதில் தயாராய் இருந்தது.

வியட்நாமில் இருந்து லான் என்றொரு அம்மா,
செருப்புக் கம்பெனிக்காரி,
ஷூவுக்குள் போன செம்மண்ணைத் தட்டிக்கொண்டே
கேட்டாள்:
ராத்திரி பதினோரு மணிக்கு
இரண்டாம் ஷிப்டு முடியும்.
பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?

ஸ்லைடு முன்னால் போனது, பின்னால் போனது.
பிரமநாயகம் சார் துவாலையால் முகம் துடைத்தார்.
கையில் அல்வா டப்பாவோடு நான் சொன்னேன்:
"இந்தப் பக்கம் கடைசி டவுன் பஸ் ஒன்பது பத்து.
நாகர்கோவில் வண்டி எதுவும் நிக்காது.
நான் அதில்தான் போவேன்."
மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும்
லான் நோட்டில் 9.10 என்று எழுதி
வட்டம் போட்டாள்.
என்னை முறைத்தவர்களை நான் எண்ணவில்லை.

தொகை பேப்பரில் வந்தது, கோடிகளில்.
பந்தல்காரர் திருப்பி எண்ணியதில்
நாற்காலி இருநூற்று முப்பத்தெட்டு.
குறைந்த இரண்டுக்குப் பணம் பிடித்தார்கள்.
அந்த ரசீதில் என் கையெழுத்து இருக்கிறது.

பதினொன்றேகாலுக்கு ஒரு பஸ் கேட்டு
போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதினேன்.
நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு.
"தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பின்
பரிசீலிக்கப்படும்" என்று பதில்.
அதே வாரம் லானிடமிருந்து ஒரு வரி:
பஸ் விட்டாச்சா?
இரண்டையும் ஒரே டேக்கில்
கோத்து வைத்திருக்கிறேன்.

மணி எட்டு ஐம்பது. பீரோவைப் பூட்டணும்.
வண்ணார்பேட்டைக்கு நடக்கப் பத்து நிமிஷம்,
அதற்குள் மழை வராமல் இருந்தால்.