இரண்டாவது கம்பம்

வசந்த் விஹாரில் வாடகைக் கட்டடம்.
கீழே தூதரகம், மேலே தூதரின் வீடு.
அந்த நாட்டில் மொத்தம் பதினேழு லட்சம் பேர்.
யமுனைக்கு அக்கரையில் நாங்களே அதைவிட அதிகம்.

விசா ஜன்னலில் எனக்குப் பன்னிரண்டு வருடம்.
நான் சேர்ந்த மாதம்தான் இரண்டாவது கம்பத்தை நட்டார்கள்.
"அடுத்த கோடைக்குள் ஒன்றியத்தில் சேர்ந்துவிடுவோம்,
இது அந்தக் கொடிக்கு" என்றார் அப்போதைய தூதர்.
சிமெண்ட் காயுமுன் ஒரு பூனை நடந்துபோனது.
தடம் இன்னும் இருக்கிறது.

சேர்வதென்றால் சும்மா இல்லை.
நீதிபதியின் சம்பளம், கோழிக்கூண்டின் அகலம்,
ஆற்றுமீன் வலையில் கண் எத்தனை விரல்,
முப்பத்தோர் அத்தியாயம்;
ஒவ்வொன்றாய்த் திறந்து, திருத்தி, மூட வேண்டும்.
பதினான்காவதை மூடிய அன்று
எல்லோருக்கும் பிளம் சாராயம் ஊற்றினார்கள்.
நான் மோர் குடித்தேன்.
மறுவாரம் பக்கத்து நாடு கையைத் தூக்கியது:
உங்கள் ஆட்டுப்பால் சீஸின் பெயர் எங்களுடையது.
அந்த ஒரு பெயருக்கு மூன்று வருடம் போனது.

காலிக் கம்பத்தைப் பார்த்துப் பார்த்து
தோட்டக்காரர் பகீரத் அடியில் பீர்க்கு விதை ஊன்றினார்.
சாவன் மழையில் அது உச்சியைத் தொட்டது,
உடம்பெல்லாம் மஞ்சள் பூ.

புதிய தூதர் திருமதி மிலாவா கேட்டார்:
இதற்கு உன் மொழியில் என்ன?
கொடி என்றேன்.
அதற்கு? முதல் கம்பத்தைக் காட்டினார்.
அதுவும் கொடிதான்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இந்த நவம்பரில்
ஒன்றியத்தின் கடைசி நாடாளுமன்றமும் சரி என்றது.
இரவு மூன்று மணிக்கு அம்மையார்
செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடிவந்தாராம்,
காவலாளி சொன்னான்.

அறுக்கச் சொன்னபோது பகீரத் ஒன்றும் பேசவில்லை.
முற்றிக் காய்ந்த காய் ஒன்றை உதறி
விதைகளை ஒரு விசா உறையில் போட்டுக்கொண்டார்.
எனக்கும் ஓர் உறை வந்தது:
இனி விசாவெல்லாம் பெரிய நாட்டின் அலுவலகத்தில்.
என் ஜன்னல் மார்ச் வரை.
'மகிழ்ச்சியுடன்' என்றுதான் கடிதம் தொடங்கியிருந்தது.

கயிற்றை நான்தான் இழுத்தேன்.
கண்ணெரியும் புகைமூட்டம்; பெயருக்குக்கூடக் காற்றில்லை.
நாட்டுப்பண் முடிந்தது,
போன்களை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள்.
இரண்டு துணியும் கம்பத்தோடு ஒட்டிச் சுருண்டு தொங்கின.
ரோட்டிலிருந்து பார்ப்பவனுக்கு
எது நாடு, எது ஒன்றியம் என்று தெரியாது.

அம்மையார் கையை இறக்கவில்லை.
காற்று வரட்டும் என்று
நாங்களும் கொஞ்ச நேரம் நின்றோம்.