நேர் ரோட்டில் நூற்றெழுபத்தெட்டு

இடது கையில் கட்டிவிட்டார்கள்:
கறுப்புத் துணிப்பட்டை, இடுப்பில் ஒரு டப்பா.
கால் மணிக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும்,
கையை நெரிக்கும், ஏதோ குறித்துக்கொள்ளும், விட்டுவிடும்.
நாளை இந்நேரம் வரை குளிக்கக் கூடாது.
"வண்டி ஓட்டலாமா?" என்றேன்.
"ஓட்டினால்தானே தெரியும்" என்றார் டாக்டர் நஸ்ரீன்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்கு
நாளுக்கு மூன்று நடை.
அஸ்தம்பட்டியில் கான்வென்ட் பிள்ளைகள் ஏறினார்கள்.
கோரிமேட்டில் ஒருவர் இரும்பு அலமாரியோடு ஏறப் பார்த்தார்.
கண்டக்டர் சீரங்கன் அவரோடு சண்டை பிடித்துவிட்டு
என் இடுப்பைப் பார்த்துக் கேட்டான்:
"என்னண்ணே, குண்டா?"

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஏழாவதில் காட்டெருமை நின்றது.
பதினொன்றில் எதிரே வந்த வேன் கோடு தாண்டி வந்தது,
சக்கரம் ஓரக்கல்லை உரசியது,
பின்சீட்டில் யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள்.
டப்பா அப்போதும் நெரித்தது.
இன்றைக்கு வசமாக மாட்டினோம் என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டர் காகிதத்தை விரித்தார்.
ஏழாவது வளைவு: நூற்று இருபத்தெட்டு.
பதினொன்று: நூற்று முப்பத்தொன்று.
சில இடங்களில் கை ஆடியதால் கோடு மட்டும்.
"மலை உங்களை ஒன்றும் செய்யவில்லை" என்றார்.
பேனா முனை கீழே இறங்கியது.
"எட்டு பத்துக்கு எங்கே இருந்தீங்க?
நூற்றெழுபத்தெட்டு.
பத்தே முக்காலுக்கு? அப்புறம் மூன்று இருபதுக்கு?"

அடிவாரம்.
அங்கே வளைவு கிடையாது மேடம்.
ரோடு நேர். ரெண்டு பக்கமும் புளியமரம்,
கொய்யா விற்கும் வண்டிகள்,
ஒரு டீக்கடை,
ஒரு பஞ்சர் கடை.

பஞ்சர் கடை மாதையனுடையது.
மாதையன் என் தம்பி.
நாலு சென்ட் இடம், ஒரு கிணற்றுப் பங்கு.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, மேடம்,
சத்தியமாக.

"நீங்க திரும்பலை" என்றார். "ஆனா தலைக்குள்ள ஒருத்தன்
கடை வர்றதுக்கு முன்னாலயே திரும்பிடறான்.
அவன் போடற சத்தத்துல
ரத்தக்குழாய் அத்தனையும் இறுகுது.
இதயம் அந்த இறுக்கத்துக்குள்ள தள்ளணும்.
எப்பவாவது ஒரு தடவைன்னா தாங்கும்.
நீங்க நாளைக்கு எத்தனை தடவை?"

போக மூன்று, வர மூன்று.
ஆறு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்.
வாரத்தில் ஒரு நாள் லீவைக் கழித்தேன்.
தீபாவளி, பொங்கல் கழித்தேன்.
அப்படியும் பதினோராயிரத்துக்குப் பக்கம் வந்தது.
நெஞ்சுக்குள் பதினோராயிரம் முறை
அவன் கடையை இழுத்து மூடியிருக்கிறேன்.
அவன் ஷட்டர் ஒருநாளும் இறங்கியதில்லை.

மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார்.
தம்பியைப் பற்றி ஒன்றும் எழுதித் தரவில்லை.

ஒன்றை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.
அந்த நேர் ரோட்டில், ஆளே இல்லாவிட்டாலும்,
கடைக்கு எதிரே வந்ததும்
ஹாரனை அழுத்திப் பிடிப்பேன்.
புளியமரம் முடியும் வரை விடமாட்டேன்.
அவனுக்கும் ஒரு கை இருக்கிறது,
அதில் டப்பா கட்டினால்
எட்டு பத்துக்கு என்ன காட்டும்?

இன்று காலை கட்டை விரலை எடுத்துவிட்டேன்.
அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.
பஸ் சத்தமில்லாமல் போனது.

பழகிய சத்தம் வராததாலோ என்னவோ
கம்ப்ரசர் பக்கத்தில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
இடது முன்சக்கரத்தைப் பார்த்தான்.
கிரீஸ் கையைத் தூக்கி
உள்ளங்கையைக் கீழ்நோக்கி ரெண்டு தடவை அமுக்கினான்.
காற்றுக் குறைவு என்பதற்கு
அந்த ரோட்டில் எல்லாரும் காட்டுகிற சைகை.

ஏற்காட்டில் இறங்கி கேஜ் வைத்துப் பார்த்தேன்.
எட்டுப் புள்ளி கம்மி.

என் கையில் இன்று டப்பா இல்லை.
நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.
எவ்வளவு என்று எழுதிவைக்க ஆளில்லை.