எண்ணிக்கை

எங்கள் மொழியில் இதன் பெயருக்குள் காற்று இருக்கிறது.
சாத்திய கதவின் அடியிலும் நுழைந்துவிடும் என்பதாலோ என்னவோ.

கரகண்டா. மழலையர் பள்ளிக் கதவில்
காகிதம் ஒட்டியிருந்தார்கள்: தடை, இருபத்தோரு நாள்.
அன்று மாலையே
தௌரெனின் காதுக்குப் பின்னால் முதல் கொப்புளம்,
தினையளவு நீர்.

மேருயெர்த்துக்கு அப்போது ஏழு மாதம்.
சின்ன வயதில் அவளுக்கு வந்ததா இல்லையா,
சொல்ல ஆளில்லை.
அநாதை இல்லத்துப் பதிவேட்டில்
அந்தப் பக்கம் கிழிந்திருந்தது.
இரத்தம் கொடுத்தாள். முடிவு வர இரண்டு நாள் ஆகும்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு
முற்றம் தாண்டி ஃப்ரீடாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.
முந்தின இரவு
அவள் வயிற்றில் காதை வைத்தபடிதான் பையன் தூங்கினான்.
அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தொட்டுப்
பச்சை மருந்து வைத்தேன்.
அது எதையும் ஆற்றாது, டாக்டரே சொன்னார்.
பச்சையானது பழசு, ஆகாதது புதுசு,
கணக்குக்கு உதவும், அவ்வளவுதான்.
மெய்யெல்லாம் புள்ளி.
சொறியாதே என்றேன்.
உனக்கா அரிக்கிறது என்றான்.

ராத்திரி விளக்கைப் போட்டு
சட்டையில்லாமல் ஜன்னலோரம் நிறுத்தினேன்.
எதிர்க்கட்டடம், நான்காம் மாடி, அவள்.
நடுவில் மைனஸ் இருபத்தாறு.
தொலைபேசியில் எண்ணினாள்.
நாற்பத்தொன்று.
முதுகைத் திருப்பச் சொல்.
எழுபது. நூற்றுப் பதினெட்டு.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு,
சூப் குடித்தானா?

இரத்தம் நல்ல சேதி சொன்னது.
அவளுக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது.
அப்படியென்றால்
ஏதோ ஒரு கை அவளுக்கும் புள்ளி வைத்திருக்கிறது,
விடிய விடிய, பெயர் தெரியாத கை.
அதை நினைத்துத்தான் அழுதாள் என்பது
எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

ஜிபெக்குக்கு ஒரு வயது முடிந்ததும்
சம்பளத்தில் எடுத்து வைத்து ஊசிக்குக் கூட்டிப்போனோம்.
வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே,
எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே
என்றான் பட்டறையில் கென்ஜெபெக்.
எனக்கு அந்த இரண்டு நாள் இருந்தது.
கடைசல் இயந்திரத்தை முடுக்கிவிட்டேன்.

ஒரு வீறல். ஒரு துண்டுப் பஞ்சு.
வீட்டுக்கு வந்ததும் தௌரென்
தங்கையின் சட்டைக் கையை ஏற்றிவிட்டு,
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.
"ஒண்ணுதானா?"
இப்போதைக்கு ஒண்ணு.
ஏமாந்துபோன முகத்தோடு
சமையலறை அலமாரியில்
பச்சைப் புட்டியைத் தேடப் போனான்.