முதலில் எது சாகும்

நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்று கஞ்சன்.
கீழே, சாந்தா குரூஸ் நகரத்தில்
ஒரு விசிறி ஆற்றிவிடும் சூட்டை
இங்கே எல் ஆல்ட்டோவில் ஆற்ற
ஒன்றரை விசிறி வேண்டும்.
அரை விசிறியை எவனும் விற்பதில்லை.

ஆகவே
ஞாயிற்றுச் சந்தையின் புழுதியோடு உள்ளே வந்து
"எது நல்ல கம்ப்யூட்டர்?" என்று கேட்பவர்களிடம்
"எதற்கு?" என்கிறேன்.
முகம் சுருங்கும்.
ரொட்டிக் கடையில் இப்படியா கேட்கிறார்கள்?
"எல்லாத்துக்கும்தான்" என்பார்கள்.
எனக்குத் தெரியும் அந்த எல்லாம்:
ஒரு வருடம் பாட்டு
இரண்டு வருடம் தூசி
பிறகு அதன் தலையில் ஒரு பூந்தொட்டி.

சதுர்னினா சோக்கே அப்படி வரவில்லை.
தொப்பியைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து
பாவாடை மடிப்புகளை ஒதுக்கி
நான் கேட்குமுன்பே சொன்னாள்:
இருநூற்றுப் பதினான்கு மினிபஸ்கள்.
சங்கத்துக் கணக்கு முழுக்க அவளிடம்.
எந்த வண்டி எத்தனை நடை,
எவன் அபராதம் பாக்கி,
யார் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு கொடுத்தது.
லேப்டாப் ஒன்று இருந்ததாம்.
பொதுக்குழுவில் வாக்குவாதம் முற்றி
கணக்குப் பிடிக்காத ஒருவன்
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம்.
"எனக்கு வேண்டியது
தூக்கிக்கொண்டு ஓட முடியாதது."

கூட வந்த மகன் யெர்கோ
வானவில் விளக்குப் பெட்டியின் கண்ணாடியில்
மூக்கை வைத்து ஆவி பிடித்தான்.
"அம்மா, இது பறக்கும்."
"பறக்கிறதுக்கு என்கிட்ட
ஏற்கெனவே இருநூற்றுப் பதினான்கு இருக்கு."

பழைய ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினேன்:
நடுத்தர பிராசஸர்,
பதினாறு ஜிபி ராம்,
வேகமான சின்ன டிஸ்க் ஒன்று,
பழைய கணக்குக்குப் பெரிய டிஸ்க் ஒன்று,
கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்,
கரண்ட் போனால் சேமிக்கப் பத்து நிமிடம் தரும் பேட்டரி.
(வேண்டாம் என்று எழுதும்போதெல்லாம்
என் லாபம் ஒரு மாடி கீழே இறங்கும்.)

அவள் தாளைப் பார்க்கவில்லை.
மேசையில் வயிறு திறந்து கிடந்த
வேறு யாருடையதோ ஒன்றைப் பார்த்துக் கேட்டாள்:
"மேஸ்த்ரோ, இதில் முதலில் எது சாகும்?"

பதினோரு வருடமாகக் கடை.
எவ்வளவு வேகம் என்று கேட்டிருக்கிறார்கள்.
எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள்.
என்னை மணந்துகொள்வாயா என்றுகூட
ஒருத்தி, பிரிண்டர் வாங்கிய சந்தோஷத்தில்.

"விசிறி" என்றேன்.
"அப்புறம்?"
"பவர் சப்ளை."
"அப்புறம்?"
"அப்புறம் நீங்களும் நானும்."
சிரிக்கவில்லை.
"அப்போ விசிறியில் மூணு சேர்த்துக் கொடு.
பவர் சப்ளையில் நல்லது போடு.
அந்தக் கண்ணாடிப் பெட்டி எவ்வளவு?"

யெர்கோ திரும்பினான்,
ஜெயித்தவன் முகத்தோடு.

"கண்ணாடி என்றால் உள்ளே தூசி தெரியும்.
தெரிந்தால் துடைப்பேன்.
எங்கள் டிரைவர்கள்
எஞ்சினை மூடி மூடியே கொல்கிறார்கள்.
விளக்கை மட்டும் பிடுங்கிவிடு."
நீண்ட பேரம் நடந்தது, தாய்க்கும் மகனுக்கும்,
அய்மாராவில், எனக்கும் புரியும் என்பதை மறந்து.
முடிவில் ஒரு விசிறிக்கு விளக்கு.
பச்சை மட்டும்.

பணத்தை எண்ணி வைத்தபின்
பையிலிருந்து சாராயப் புட்டி எடுத்தாள்.
புதுப் பொருளுக்கு முன்னால்
பூமித்தாய்க்கு ஊற்ற வேண்டுமே.
மூடியால் அளந்து தரையில் தெளித்தாள்.
நான் மதர்போர்டின் மேல் குறுக்கே கவிழ்ந்து
குஞ்சை மறைக்கும் கோழியாய் நின்றேன்.
முதுகில் நாலு சொட்டு.
குளிர்ந்தது.

பிறகு கோடு போட்ட நெசவுத் துணியை விரித்து
பதினோரு கிலோவை அதில் கிடத்தி
பிள்ளையைக் கட்டுவதுபோல் முதுகில் கட்டி
மார்பில் முடிச்சிட்டாள்.
மானிட்டரைத் தழுவியபடி யெர்கோ பின்னால்.
கேபிள் கார் நிலையத்து ஏற்றத்தில்
அவள் போன வேகத்தை வாசலில் நின்று பார்த்தேன்.

தூக்கிக்கொண்டு ஓட முடியாதது
என்றுதானே கேட்டாள்.