முதல் மிடறு

இத்தாலிக்காரர் விட்டுப்போன போத்தல்.
கோப்பை இல்லை. ஆய்வகக் குடுவையைக்
கழுவி வந்தாள் பியூலா.

சுழற்று என்றது கைப்பேசி.
எனக்கா சொல்ல வேண்டும்?
பதினோரு வருடமாய்ச் சுழற்றுகிறேன்
நிறம் மாறும் ஒரு சொட்டுக்காக.

மூக்கை நுழை.
செர்ரி வருமாம்.
செர்ரியை கேக்கின் மேல்தான் தெரியும்.
எனக்கு வந்தது நாவல்பழம்,
பிறகு பாலாற்று ஈரமணல்,
அது ஈரமாகிற அபூர்வ வருடத்தில்.

வாயில் வை, விழுங்காதே.
ஈறு இறுகி நாக்கு சொரசொரத்தது.
"டானின்" என்று படித்தாள்.
"கடுக்காய்!" என்று கத்திவிட்டேன்.
மூன்றாம் தொட்டியில் ஊறும் ஆட்டுத்தோலுக்கும்
இப்படித்தான் இருக்குமா?

நல்ல ஒயினில்
லேசாகத் தோல்வாடை வரலாம்
என்றது அடுத்த வரி.
வாலாஜா பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
காலியாகவே வருவது அதனால்தான்.
பியூலா சிரித்துப் புரையேறினாள்.

துப்பச் சொல்லியிருந்தது.
நாங்கள் துப்பவில்லை.