மதகு வரை

நாவலப்பிட்டி நகரசபைக் கந்தோரில்
சோலை வரிப் பிரிவு என்னுடையது.
சோலை என்று பெயர்தான்.
ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம், டீசல் புகை,
அதற்குப் பின்னால் குட்ஷெட் தகரம்.

ஒழுகுகிற ஆவண அறையை
ஆனி மழைக்கு முன் காலி செய்யச் சொன்னார்கள்.
நானும் பியூன் செபமாலையும்
இரண்டு நாள் தும்மினோம்.

பேரேடுகளில் ஊர் வேறு மாதிரி.
கோச்சி இங்கேயே நின்றுவிட்ட காலம்;
இதற்கு மேல் தண்டவாளம் இல்லை.
கொழும்பில் கப்பல் கக்கியதெல்லாம்
இங்கே வந்து இறங்கியிருக்கிறது:
அரிசி, கருவாடு, சாராயப் பீப்பாய்,
எந்தத் துரைக்கோ ஒரு பியானோ.
இங்கிருந்து வண்டி மாடு.
மாடும் ஏறாத இடத்துக்கு
மனிதத் தலை.

கடலுக்கு எண்பது சொச்சம் மைல் தள்ளி
ஒரு துறைமுகம்.
அலைக்குப் பதில் மகாவலி,
அதுவும் சித்திரையில் முழங்கால் அளவு.

துறை எப்படி நகரமானது என்று
பூச்சி தின்றது போக மிச்சத் தாள்கள் சொல்கின்றன.
முதலில் வந்தது வரி.
வண்டிக்கு, மாட்டுக்கு,
கழுத்தில் தகரம் தொங்கினால் நாய்க்கும்.
பிறகு ஒரு வாந்திபேதி;
நாற்பத்திரண்டு பேர் போன பிறகே
கால்வாய் வெட்டத் தோன்றியிருக்கிறது.
கடைத்தெரு ஒருமுறை எரிந்தது,
ஓலைக்கூரைக்குத் தடை.
விளக்குக் கம்பம் பதினொன்று.
'நிலவுள்ள இரவில் ஏற்ற வேண்டாம், எண்ணெய் மிச்சம்'
என்று கீழே ஒரு கையொப்பம்.
முகில் மூடிய நிலவுக்கு என்ன செய்வதென்று
குறிப்பில்லை.

பெயர்களை வாசித்தபடி செபமாலை கட்டுக் கட்டினார்:
பேக்கரி சைமன் அப்பு,
அடகுக்கடை சாத்தப்பச் செட்டியார்,
புடவைக்கடை உமறு லெப்பை.
சவரக்கடை முனியமுத்து,
பாக்கி மூன்று ரூபாய் இருபது சதம்.
பதினாறு வருடம் அதே பாக்கி,
அதே மூன்று ரூபாய் இருபது சதம்.
பதினேழாவதில் சிவப்பு மையில் ஒரு கோடு:
'காலமானார்.'
"கெட்டிக்காரன்" என்றார் செபமாலை.

கடைசி அலுமாரியில் வரைபடம்.
ஊர் மதகோடு முடிகிறது.
அதற்கப்பால் பச்சை மை,
உள்ளே ஒரு எழுத்தும் இல்லை.

அந்தப் பச்சைக்குள் நான் பிறந்தேன்.
கீழ்கணக்கு லயம், நாலாவது காம்பரா.
எங்களுக்குக் கடிதம் நேரே வராது;
தோட்டத்துக் கந்தோர் மேசையில் கிடக்கும்,
யாராவது அந்தப் பக்கம் போகும்வரை.
இந்த வேலைக்கான நேர்முகக் கடிதமும்
பத்தொன்பது நாள் கிடந்தது.
முதல் நாள் இரவு கைக்கு வந்தது.
சேலை காயாமலே போனேன்.

போன மாதம் எல்லையை நகர்த்தினார்கள்.
மதகு தாண்டி இருபத்தேழு வீடு,
ஏழு பேர்ச் காணி, சாம்பல் நிறக் கல், பூசாத சுவர்.
நான் டேப்பின் ஒரு முனை, செபமாலை மறுமுனை.
அட்டை கடித்த காலோடு
வீட்டுக்கு வீடு இலக்கத் தகடு அடித்தோம்.

பதின்மூன்றில் வெள்ளைத்தாய்,
என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவள்,
தகட்டை முந்தானையால் துடைத்தாள்.
"நம்பர் வந்திருச்சு. தண்ணி வருமா?"

வரும் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
முதலில் வந்தது வரி என்று
எந்த வருடத்துப் பேரேட்டிலோ படித்தது
தொண்டையில் நின்றது.
"எழுதிப் போடுறேன்" என்றேன்.
அது எங்கள் கந்தோரில்
எல்லோரும் சொல்வது.

அந்த இலக்கத்துக்குத் தபால்காரன் கொண்டுபோன
முதல் கடிதம் நான் அனுப்பியது.
சோலை வரி, முதலாம் காலாண்டு.
நேற்றுப் போனபோது பார்த்தேன்,
முருகன் படத்துக்குப் பின்னால்
உறை கிழிக்காமல் செருகியிருந்தது.
"எம் பேருக்கு வந்ததுல்ல" என்றாள்.

கட்ட வேண்டிய தேதி போய்
எட்டு நாளாகிறது.
பேரேட்டில் பதின்மூன்றாம் இலக்கத்துக்கு நேரே
பாக்கி என்று
நான் இன்னும் எழுதவில்லை.